சின்னத் தொட்டிக்கு மூன்று கப்பி

நான் வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி பரோட்டாக் கடைக்கு முதலாளி பெரிய மீன்தொட்டி ஒன்று வாங்கினார். பழைய சின்னத் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைத்திருந்தார்கள். கேட்டேன், கொடுத்துவிட்டார்.

மீன்மேல் எனக்கு ஆசையெல்லாம் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் கிளீனர், கல்வராயன் மலையில் மரவள்ளி பிடுங்குவது என்று சுற்றியவன். இடையில் மனைவி சின்னசேலத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். "நீ ஒரு எடத்துல குந்து, அப்பால வரேன்" என்று சொல்லியிருந்தாள். கருணாபுரத்தில் அறை பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னாள். பாயும் பக்கெட்டும் மட்டும் கிடக்கும் அறையை அவள் வீடு என்று நம்பமாட்டாள். மீன் இருந்தால் நம்புவாள் என்று தோன்றியது.

மீன் கடைக்காரரிடம் கோல்டு ஃபிஷ் கேட்டேன். தொட்டியின் அளவைக் கையால் காட்டினேன்.

"அதுல வேணாம்ண்ணே. அது பெருசாவும், தண்ணி நாறிப்பூடும். ஃபைட்டர் மீனு ஒண்ணு வுடுங்க. மோட்டார் வேணாம். ரெண்டு நாள் ஊருக்குப் போனாகூட பட்டினி தாங்கும்."

"ஜோடியா குடுங்க."

"ஜோடி போட்டா பொட்டைய கடிச்சே கொன்னுடும்."

மனைவி பார்க்க வருகிற வீட்டில் அது வேண்டாம் என்றேன். கடைசியில் கப்பி என்கிற குட்டி மீன்களை எடுத்துக் கொடுத்தார். ஓர் ஆண், இரண்டு பெண்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். அறையைப் பார்க்கவில்லை, நேராகத் தொட்டியிடம் போனாள்.

"இன்னாய்யா, வாலு பெருசா இருக்கறது ஆம்பளையா? ஒண்ணுதான் இருக்குது?"

"ஆமா. ஒரே பொட்டை இருந்தா ஆண் அத நிம்மதியா வுடாதாம். துரத்திக்கினே இருக்குமாம். கடைக்காரரு சொன்னாரு."

"துரத்துனா பரவால்ல. வுட்டுட்டு ஓடாம இருந்தா போதும்."

தீனி எங்கே என்று கேட்டாள். நான் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் கலங்கியிருந்தது. ஆண் கப்பி மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"இங்க இருந்தா இதுங்க செத்துடும்" என்றாள். பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நீ ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வந்து தண்ணி மாத்திட்டுப் போ. எத்தினி வாரம் வரன்னு பாக்கறேன்."

அவளை அழைத்து வரத்தான் மீன் வாங்கினேன். அவள் மீனை அழைத்துக்கொண்டு போனாள்.

டவுன் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கண்டக்டர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"பொம்பளைங்களுக்கு ஃப்ரீம்மா. அந்த ஆம்பள மீனுக்கு மட்டும் டிக்கெட் எடு."

அவள் சிரித்துவிட்டாள். வண்டி நகர்ந்ததும் ஜன்னல் வழியே கத்தினாள்: "வெறுங்கையோட வராத, தீனி வாங்கிக்கினு வா. மீனு தீனி!"