டோக்கன் நம்பர் இல்லாத காகிதம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். லீவு லெட்டரோ மனுவோ, மேலே டோக்கன் நம்பர், அதாவது ஆளுக்கொன்றாகக் கம்பெனி கொடுத்த எண், இல்லாவிட்டால் வாங்க மாட்டேன். "நம்பர் எங்கே?" என்று முகத்தில் அடித்தாற்போல் திருப்பி அனுப்புவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த வருஷம் நிர்வாகம் ஒரு சீர்திருத்தத் திட்டம் கொண்டுவந்தது. சனிக்கிழமைதோறும் மேனேஜரும் தொழிலாளிகளும் வட்டமாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேச வேண்டும். ஆறு மாதம் கழித்து, திட்டம் பலித்ததா என்று கண்டறிய ஒரு கேள்வித்தாள் வந்தது. பெயர் எழுத வேண்டாம், பயமில்லாமல் எழுதுங்கள் என்று மெஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் போய் நான்தான் சொன்னேன்.

நாற்பது தாள் திரும்பி வந்தது. ஒன்றிலும் பெயர் இல்லை. ஆனால் எல்லாவற்றிலும், பழக்கதோஷத்தில் என்னுடையதிலும், வலது மூலையில் டோக்கன் நம்பர்! இத்தனை வருஷம் நான் பிடித்த பிடிவாதம். தலையில் அடித்துக்கொண்டேன்.

முப்பத்தொன்பது பேர் 'நன்று' என்று எழுதியிருந்தோம். ஆமாம், நானும்தான். ஒருவர் மட்டும், "வட்டமா உக்காந்தோம். பேசுனது மேனேஜர் சார் மட்டும்தான். நாங்க தலையாட்டுனோம்" என்று எழுதியிருந்தார். நம்பரைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது. செம்பாக்கத்திலிருந்து தினமும் என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும் லேத் ஆபரேட்டர். அவருக்கு வேலை அடுத்த மாதம்தான் நிரந்தரமாக வேண்டும்.

அவர் தாளில் மட்டும் மூலையைக் கிழித்தால் சந்தேகம் வரும். நாற்பதிலும் கிழித்தேன்.

மேனேஜர் தாள்களைப் புரட்டி, கிழிந்த மூலைகளைத் தடவிப் பார்த்து, அந்த ஒன்றைத் தனியே எடுத்து வைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"கிழிக்கறதுக்கு முன்னாடி பார்த்திருப்பீங்களே. இதுல இருந்தது யார் நம்பர்?"

இப்போது அந்த நம்பர் இருந்த ஒரே இடம் என் தலை. தெரியாது என்றால் நம்ப மாட்டார். சொன்னால் சாயங்காலம் எந்த முகத்தோடு அந்தச் சைக்கிளில் ஏறுவது? தைரியத்தால் அல்ல, வேறு வழி தெரியாமல்தான் என் நம்பரைச் சொன்னேன்.

தினமும் என் கையெழுத்தைப் பார்க்கிறவர் மேனேஜர்; தாளில் இருப்பது என் எழுத்தல்ல என்று அவருக்குத் தெரியும். தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை நீட்டினார்.

"சரி. அப்போ நம்பரை எழுதிடுங்க. நம்பர் இல்லாத பேப்பரை நீங்களே வாங்க மாட்டீங்களே."

எழுதினேன். அதன்பின் பதவி உயர்வே இல்லை; ஓய்வு பெறும்வரை அதே குமாஸ்தா நாற்காலிதான்.

அன்று சாயங்காலம் லேத் ஆபரேட்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டே, "பேர் போடாம எழுதச் சொன்னது நல்லதாப் போச்சு, இன்னா சார்?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.