இரண்டு என்று சொன்ன வலி

இந்த நாட்டில் வலிக்கு எண் உண்டு. தாதி வந்து கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, பூச்சியத்திலிருந்து பத்து வரை உங்கள் வலி எத்தனை என்று கேட்பார். நோர்வேக்கு வந்து பதினொரு வருடமாகியும் எனக்கு இது பிடிபடவில்லை. பத்து என்று சொன்னால், பந்தியில் இரண்டாம் தரமும் பொரியல் கேட்பவன் போல் ஆகிவிடுமோ என்று கூச்சம். ஆகவே எப்போது கேட்டாலும் இரண்டு என்பேன். இரண்டு மரியாதையான எண். கேட்டவரை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை, தொந்தரவு கொடுக்கவும் இல்லை. இந்தப் பழக்கம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வைத்திய விஷயத்தில் பிழை இருந்தால் படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிக்கிறது என்பதை இங்குள்ள வைத்தியர்தான் கண்டுபிடித்தார். இதயத்தின் மேலறைகள் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கின்றனவாம். நோர்வேக்காரர் இதை ஃபிளிம்மர் என்கிறார்கள். சிலருக்கு வந்து போகும். எனக்கு வந்தது போகாமல் தங்கிவிட்டது. மீன் தொழிற்சாலையில் பெட்டி தூக்க முடியவில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்செடுத்தேன். "எப்போதிருந்து இப்படி?" என்று வைத்தியர் கேட்டார். அதற்குப் பதில் தேட நான் திருகோணமலைத் துறைமுகம் வரை திரும்பிப் போகவேண்டியிருந்தது.

பாலையூற்று வீட்டிலிருந்து சைக்கிளில் போய், அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, கப்பல்களிலிருந்து மூட்டை இறக்கிய யுத்த காலம் அது. சுழியோடிகள் வந்து கப்பலுக்குக் குண்டு வைத்துவிடாதபடி கடற்படையினர் இடையிடையே தண்ணீருக்குள் சிறு வெடி போடுவார்கள். சத்தம் பெரிதாகக் கேட்காது. சரக்குப் படகின் அடித்தட்டு வழியாகக் காலில் ஏறி, நெஞ்சில் ஒரு குத்து விழும். எல்லோருக்கும் விழும். யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. ஒரு நாள், கூட வேலை செய்த, நாங்கள் நானா என்று அண்ணன் முறை சொல்லும் கிண்ணியா நசீரிடம் சொன்னேன்.

"காலமை மட்டும் மூண்டு போட்டிட்டாங்கள், நானா."

"மூணா? நான் ஒண்டுதான் கண்டன். ஒனக்கு மட்டும் தனியாப் போடுறானுகளோ?"

"பகிடி விடாதேங்கோ."

"பகிடி இல்ல தம்பி. பயந்தா அப்பிடித்தான். தண்ணியக் குடிச்சிட்டு மூட்டையத் தூக்கு."

தண்ணீரைக் குடித்துவிட்டுத் தூக்கினேன். வீட்டில் அக்காவும் அதையே சொன்னா. பயத்துக்கு யார் மருந்தெடுப்பார்கள்? நோர்வேக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தொழிற்சாலை யன்னலோரம் நிற்கும்போது அதே குத்து விழுந்தது. இங்கே யார் போடுவது என்று கடலை எட்டிப் பார்த்தேன். ஒரு வாத்து மட்டும் நீந்திக்கொண்டிருந்தது. அப்போதும் நான் வைத்தியரிடம் போகவில்லை. பயம் என்னோடு விமானமேறி வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இதைக் கேட்டு வைத்தியர் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். நசீர் நானா காணாத அந்தக் குத்துகள் வெடியல்ல, நெஞ்சே தவறி அடித்ததாக இருக்கலாம் என்றார். முதலில் நெஞ்சுக்கு ஒரு தரம் மின்சாரம் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கிழமை ஒழுங்காக அடித்துவிட்டு நெஞ்சு பழையபடி நடுங்கியது. இனி மிஞ்சியது ஒரு வழி. தொடையடி இரத்தக் குழாயினூடாக மெல்லிய வயர்களை இதயத்துக்குள் ஏற்றி, நடுக்கத்தைக் கிளப்பும் இடங்களைச் சுட்டு அடைப்பது. இத்தனை காலம் தங்கிவிட்ட நடுக்கம் போகுமா என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். போகாவிட்டால் பாரம் தூக்கும் வேலையை மறக்க வேண்டும், நீண்ட பயணமும் இப்போதைக்கு வேண்டாம் என்றார். போர் நின்றிருந்த சமாதான காலத்தில் ஊருக்குப் போய் அக்காவைப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டு வந்தவன் நான். இப்போது அந்தச் சமாதானமும் ஆட்டம் காணத் தொடங்கியிருந்தது.

அந்தச் சிகிச்சை நாளில் என்னை முழுதாக மயக்கவில்லை. அரைத்தூக்க மருந்து மட்டும் கொடுத்தார்கள். மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்துப் பெண்பிள்ளை கண்ணாடிக்கு அப்பால் ஒலிவாங்கியோடு இருந்தா. தலைமாட்டில் இங்கர் என்ற தாதி. பக்கத்துத் திரையில் என் இதயம் வண்ணம் வண்ணமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நுரையீரலிலிருந்து இரத்தம் வந்து சேரும் குழாய்களின் வாயைச் சுற்றி, சுட்ட இடமெல்லாம் சிவப்புப் பொட்டுகள். தன் நெஞ்சுக்குள் நடக்கும் வேலையைத் தானே பார்க்கக் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்? அடுத்த பொட்டு எங்கே விழும் என்று நான் மனதுக்குள் ஊகித்துக்கொண்டிருந்தேன்.

பின்சுவருக்கு வந்ததும் முதுகுக்குள் நெருப்புக் கம்பி இறங்கியது போல் இருந்தது.

"அண்ணை, நோகுதோ எண்டு டொக்டர் கேக்கிறார். எத்தினை?"

"இரண்டு."

அடுத்த பொட்டு. "இப்ப?"

"இரண்டுதான் பிள்ளை."

இங்கர் போர்வையின் நுனியைத் தூக்கி என் காலைப் பார்த்தார். விரல்கள் பத்தும் மடங்கி, பாதம் வில்லாக வளைந்திருந்தது. அவர் ஏதோ சொல்ல, வைத்தியர் கையை எடுத்தார். பிறகு ஒலிபெருக்கியில் அந்தப் பிள்ளையின் குரல் தாழ்ந்து வந்தது.

"அண்ணை, வாய் இரண்டு எண்டுது, கால் வேறை சொல்லுதாம். எது உண்மை எண்டு கேக்கிறார்."

"அவையளுக்கு ஏன் கரைச்சல் எண்டுதான்…"

"கரைச்சல் இல்லை, அண்ணை. இதயத்துக்குப் பின்னால சாப்பாட்டுக் குழாய் ஒட்டிக்கொண்டு போகுதாம். அது சுடுபட்டால் உயிருக்கே ஆபத்தாம். உங்கட நோவை வைச்சும்தான் அவர் கிட்டப் போயிட்டாரோ எண்டு கண்டுபிடிக்கிறாராம். நீங்கள் ஒளிச்சால் அவர் என்ன செய்யிறது?"

நோகிறது என்று சொல்லாமலிருந்துதான் நான் துறைமுகத்தில் வேலையைக் காப்பாற்றினேன், காவலரண்களைக் கடந்தேன். அதே வாய், இங்கே என்னைக் கொல்லப் பார்த்திருக்கிறது.

"எட்டு," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

வைத்தியர் தலையசைத்து "தாக்" என்றார். வலிக்கிறது என்று சொன்னதற்கு ஒருவர் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தரம். சூட்டைக் குறைத்து, இடத்தைச் சற்றுத் தள்ளி வேலையைத் தொடர்ந்தார். நானும் வெட்கமில்லாமல் மூன்று, ஆறு, ஐந்து என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். முடிவில் என்னைத் தூங்கவைத்து ஒரு தரம் மின்சாரம் கொடுத்தார்களாம். கண் விழித்தபோது நெஞ்சுக்குள் யாரோ வீடு காலி செய்து போனது போல் இருந்தது. இது நிலைக்குமா என்று சில மாதங்கள் போனால்தான் தெரியும் என்றார்கள்.

மறுநாள் மத்தியானம் கட்டிலில் இருந்தபடியே அக்காவுக்கு எடுத்தேன்.

"இப்ப ஒழுங்கா அடிக்குது அக்கா. அது பயமில்லையாம். நெஞ்சு வருத்தமாம்."

"அட கடவுளே. நாங்கள் உன்னைப் பயந்தாங்கொள்ளி எண்டு எவ்வளவு சிரிச்சனாங்கள்."

"அது கிடக்கட்டும். சண்டை துவங்கிட்டுது எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். அங்க எப்பிடி?"

"இங்க ஒண்டுமில்லை. நல்லா இருக்கிறம்."

அந்த "ஒண்டுமில்லை" எனக்கு நன்றாகத் தெரிந்தது. நானும் அதைச் சொல்லி வளர்ந்தவன்தானே.

"ஒளிக்காமல் சொல்லு அக்கா."

அவ குரலைத் தாழ்த்தினா. "சனம் எழும்பிப் போகுதடா. நாங்களும் சாமானைக் கட்டி வைச்சிருக்கிறம். எங்க போறதெண்டுதான்…"

தொடர்பு அறுந்தது. மீண்டும் எடுத்தேன். மணி போகவில்லை. கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். நெஞ்சு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஓர் அடிகூடப் பிசகவில்லை. அந்த நேரம் இங்கர் வந்து, திரையில் ஓடிய கோட்டைப் பார்த்தார். "ஃபீன்ட்," நன்றாக இருக்கிறது என்று கட்டைவிரலை உயர்த்தினார். நான் "தாக்" என்று சொல்லிவிட்டு, அக்காவின் இலக்கத்தை மறுபடி அழுத்தினேன்.