மூன்றாவது குழாய்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'பயந்தாங்கொள்ளி'. இருபது வருடமாகத் தண்ணீர்க் கணக்குப் போடும் பொறியாளர். எந்தப் பம்புக்கு எத்தனை குதிரைத்திறன், எந்தச் சாலைக்கு அடியில் எத்தனை குழாய் பதித்தால் மழைத்தண்ணீர் தேங்காது என்று அவர் எழுதித் தருவார், நான் வரைவேன். நான் வரைபடக்காரி.

மேசை விளக்கை அணைத்தோமா என்று பாதிப் படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிற ஆள். கணக்கிலும் அதே குணம். ஓரடிக் குழாய் போதும் என்று நமக்கே தெரியும். அவர் ஒன்றரை என்பார். கேட்டால், "மழை நம்மகிட்ட சொல்லிட்டா வருது?" என்பார். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. அவர் தாள் என் மேசைக்கு வந்தால் கொஞ்சம் குறைத்துத்தான் வரைவேன். "பயம் போக மிச்சத்தை வரைம்மா" என்பார் தலைமைப் பொறியாளர். படம் பொறியாளரிடம் திரும்பாமல் நேரே தலைமைப் பொறியாளரின் கையெழுத்துக்குப் போய்விடும். பத்து வருடமாக எதுவும் கெட்டுப்போகவில்லை. அந்தத் தெம்பில் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

புதுச் சாலை ஓடையைக் கடக்கும் இடத்துக்கு அவர் மூன்று குழாய் எழுதியிருந்தார். நான் இரண்டு வரைந்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

சாலை போட்ட ஏழாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. பதினொரு மணிக்குப் பம்பு நிலையக் காவலாளி போன் செய்தார். பொறியாளர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போனை மேசையில் வைத்துப் பேசினார்.

"சார், ரோட்டுக்கு மேக்கால தண்ணி ஏரி மாதிரி நிக்குது. கிழக்கால முழங்கால் அளவுதான் ஓடுது."

"எப்படி நிக்கும்? குழாய் அடைச்சிருக்கா?"

"அடைப்பெல்லாம் இல்ல சார். ரெண்டும் நிறைஞ்சுதான் போகுது."

"ரெண்டா?"

அவர் என்னைப் பார்த்தார். சாலைக்கு மேற்கே இருநூறு அடியில், பள்ளத்தில், குழந்தைகள் காப்பகம் இருக்கிறது. என் மூன்று வயது மகளைக் காலையில் நான்தான் அங்கே விட்டுவிட்டு வந்தேன். அவளோடு இன்னும் பத்துப் பிள்ளைகள், ஒரே ஒரு ஆயா.

ஜீப்பில் போகும்போது சொல்லிவிட்டேன். "நான்தான் சார் ஒண்ணைக் குறைச்சேன். எப்பவும் போல."

திட்டியிருந்தால் தேவலை. அவர் நோட்டை எடுத்து, "காப்பகத்துத் தரை எவ்வளவு உசரம்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். காவலாளியிடம் தண்ணீர் மட்டத்தைக் கேட்டுக்கொண்டார். வருகிற தண்ணீரில் போகிற தண்ணீரைக் கழித்து, தேங்கும் பரப்பால் வகுத்தார். ஜீப் குலுக்கலில் எண்களெல்லாம் கோணிக்கொண்டு நின்றன.

"மணிக்கு ரெண்டடி ஏறுது. இந்நேரம் தரையைத் தொட்டிருக்கும்."

என் மகளின் உயரம் மூன்றடி. அந்தக் கழித்தலை நானே போட்டுக்கொண்டேன்.

மழையில் ஊர்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிப் போய்ச் சேர்ந்தபோது காப்பகத்தின் கதவு பாதி தண்ணீருக்குள் இருந்தது. ஜன்னலில் ஆயா நின்று, "பிள்ளைங்கள டேபிள் மேல ஏத்திட்டேன், சீக்கிரம் வாங்க!" என்று கத்தினாள். காவலாளி ஒருமுறை இறங்கிப் பார்த்து, இழுப்புத் தாங்காமல் திரும்பியிருந்தார். நான் இறங்கப் போனேன். பொறியாளர் என் கையைப் பிடித்து இழுத்துப் போட்டார்.

சாலையோரம் மண் தோண்டும் பொக்லைன் ஒன்று ஓட்டுநரோடு நின்றது. "ரோட்டை வெட்டுப்பா" என்றார் பொறியாளர்.

"புது ரோடு சார். எழுத்துல குடுங்க. நாளைக்கு என் தலைதான் உருளும்."

தலைமைப் பொறியாளரை அழைத்தோம், போனை எடுக்கவில்லை. "உள்ள பிள்ளைங்க இருக்குடா, பாவி!" என்று நான் கத்தினேன். பொறியாளர் அதற்குள் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மழையில் மை கரைந்தது. தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பென்சிலால் மறுபடி எழுதினார்.

"எவ்வளவு அகலம் சார்?" என்றான் ஓட்டுநர்.

கிழக்கே ஓடைக்கரையில் இருபது வீடுகள். அகலமாக வெட்டினால் தேங்கிய தண்ணீர் மொத்தமும் அவர்கள் மேல் போய் விழும். குறுக்கினால் பிள்ளைகள். இருபது வீடும் போனால் போகட்டும் என்றுதான் என் மனம் சொன்னது. பெற்ற வயிறு அப்படித்தான் சொல்லும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது.

"எட்டடி. அதுக்கு மேல ஒரு சாண் கூட வேண்டாம். ரெண்டு ஓரமும் கல்லைக் கொட்டு, இல்லேன்னா தண்ணியே கரையை அறுத்துக்கும்."

வெட்டியதும் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாய்ந்தது. அவர் மேற்கே பார்ப்பார், ஓடிப்போய்க் கிழக்கே பார்ப்பார். கால் மணி நேரம் காப்பகத்துச் சுவரில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு சுவரில் ஒரு ஈரக்கோடு தெரிந்தது. விரலளவு, அப்புறம் சாண் அளவு. கிழக்கே தண்ணீர் வாசற்படிகள் வரை போய், அங்கேயே நின்றது.

இழுப்பு அடங்கியதும் இறங்கிப் போனோம். ஆயா ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக் கொடுத்தாள். மேசையில் உட்கார்ந்திருந்த என் மகளின் கவுன் இடுப்பு வரை நனைந்திருந்தது.

"அம்மா, டேபிள்ல ஏறக்கூடாதுன்னு சொல்ற ஆயாவே இன்னைக்கு ஏத்திவிட்டாங்க" என்று என்னிடம் கோள் சொன்னாள்.

பொறியாளர் கல் குவியலில் உட்கார்ந்திருந்தார். "மூணை ரெண்டாக்கினது நான்தான்னு எழுதிக் குடுத்துடறேன் சார்" என்றேன்.

"எழுதும்மா. நானும் எழுதணும்."

"நீங்க என்ன சார் பண்ணீங்க?"

"நீங்க குறைப்பீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்குத்தான் இத்தனை வருஷமும் கூட்டி எழுதினேன். இங்க வேண்டியது மூணு. அதனால முதல்ல நாலுன்னுதான் எழுதினேன்."

"தாள்ல மூணுதானே சார் இருந்துது?"

"நாலுன்னு பாத்தா நீங்கள்லாம் சிரிப்பீங்கன்னு பயந்து, அதை அடிச்சு மூணுன்னு போட்டுட்டேன். இந்த ஒரு தடவை குறைக்க மாட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

மகளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டேன். நாலு என்று பார்த்திருந்தால் நான் சிரித்திருப்பேன். இரண்டு அறை தள்ளிக் கேட்கிற மாதிரி சிரித்திருப்பேன்.