சமயநல்லூருக்கு மண் எடுக்கப் போனேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குப் பெரியார் நிலையத்தில் பஸ் கிளம்பியது. திருநகரில் என் அறையைப் பூட்டியபோது எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. கண்டக்டர்தான் கேட்டார், தனியாகவா வந்திருக்கிறாய் என்று. மதுரைக்கு வந்த இரண்டு வருஷத்தில் என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி அதுதான்.

சமயநல்லூர் பன்னிரண்டு கிலோமீட்டர். விளாங்குடி, பரவை தாண்டியதும் இருபுறமும் வயல். பார்க்கப் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கிறது. ஆனால் பூச்சிக்குத் தூவும் பி.எச்.சி. பொடி அந்த மண்ணில் வருஷக்கணக்கில் தங்கிவிடும். நஞ்சிலேயே கிடந்து பழகிய மண்ணில் அதைத் தின்று பிழைக்கும் பாக்டீரியா இருக்கும், அதைப் பெருக்கிக் கெட்ட வயல்களில் விடலாம் என்பது என் ஆராய்ச்சி. பெரியகருப்பன் என்ற விவசாயி ஒரு வருஷமாகப் பால் வண்டியில் மண் கொடுத்தனுப்புகிறார். மருந்தைத் தவிர வேறு உணவு கொடுக்காமல் குடுவையில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பிழைக்கவில்லை. பொங்கலுக்குள் கிடைக்காவிட்டால் இந்தத் தலைப்பை விட்டுவிடச் சொல்லிவிட்டார் பேராசிரியர். அதனால்தான் நானே தோண்டி எடுக்கலாம் என்று கிளம்பினேன்.

சாலையிலிருந்து இரண்டு மைல் நடை. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் மனைவி பேச்சியம்மாள் களத்தில் உட்கார்ந்து எனக்காக மண் சலித்துக்கொண்டிருந்தார். மாவு போலக் கறுத்த மண். எந்த வயலில் எடுத்தது என்று கேட்டேன். வயல் மண் இல்லை, கண்மாய் வண்டல் என்றார்.

ஒரு வருஷமாகவா என்றேன். பெரியகருப்பன்தான் பதில் சொன்னார்.

"மருந்து தூவுன மண்ண ஒரு பொம்பளப்புள்ள கையில எப்படித் தாயி குடுக்கறது? கையெல்லாம் அரிச்சுப்புடும்ல. அதான் நல்ல மண்ணா அள்ளிக் குடுத்தோம்."

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பம்ப்செட் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, எனக்கு வேண்டியது கெட்ட மண்தான் என்று முதலிலிருந்து சொன்னேன். அவர்களுக்குச் சங்கடமாகிவிட்டது. வரப்பு மூலையில் ஓர் இடத்தைக் காட்டினார்கள். மருந்துச் சாக்கை உதறி உதறிப் புல்லே முளைக்காமல் போன இடம்; இந்த மழைக்குத்தான் நாலு அருகம்புல் தலை காட்டியிருந்தது.

நான் குனிந்ததும் பேச்சியம்மாள் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். அவரே தோண்டி, இரட்டைப் பையில் கட்டினார். தொடவே தொடாத என் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவ வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் பையை மடியில் வைத்திருந்தேன். வீணாய்ப் போன ஒரு வருஷத்தை நினைத்து அழுகை வந்தது. என் கைக்கு என்ன ஆகுமோ என்று இந்த ஊரில் கவலைப்பட்டவர்கள் அவர்கள் இருவர்தான் என்பதும் அதோடு சேர்ந்தே நினைவுக்கு வந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம், மருந்து வெள்ளையாகப் படிந்த கண்ணாடித் தட்டில், ஒரு புள்ளியைச் சுற்றி வெள்ளை கரைந்து தெளிந்திருந்தது. அந்தப் புள்ளியில்தான் பாக்டீரியா வளர்ந்திருந்தது. விடுமுறை, ஆய்வுக்கூடத்தில் என்னைத் தவிர யாருமில்லை. தட்டை இறுக மூடி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பெரியார் நிலையத்துக்குப் போனேன். வழக்கம்போல் தனியாகவா என்று கேட்டார் கண்டக்டர்.

"ஆமாண்ணே. எங்க ஆளுகளப் பாக்கப் போறேன்" என்றேன்.