வீட்டுக்கு ஒரு தொப்பி

பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே பட்டத் தொப்பி வைத்துப் படம் எடுத்துக்கொண்ட முட்டாள் நான். ஐம்பதுகளின் நடுவில் தென்காசியில் பி.ஏ. எழுதிய பையன்கள் பலரும் செய்ததுதான் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அவர்கள் பாஸ் செய்தார்கள். நான் இங்கிலீஷில் கோட்டை விட்டேன். அதற்குள் படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் புகுந்து முன்னறைச் சுவரில் ஏறிவிட்டது. கறுப்பு அங்கி, கையில் பட்டத்துக்குப் பதிலாகச் சுருட்டிய பழைய காலண்டர், தலையில் சதுரத் தொப்பி, முகத்தில் கலெக்டர் களை. இறக்கிவிடலாம் என்றேன். அப்பா ஒப்பவில்லை. இறக்கினால்தான் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள், கிடந்துவிட்டுப் போகட்டும் என்றார். மறுபடி எழுதினேன், மறுபடியும் போயிற்று. பட்டதாரி என்ற பெயர் மட்டும் ஆணியில் நிலைத்துவிட்டது.

அந்தத் தொப்பியைப் பற்றிப் பிற்பாடு நிறையப் படித்தேன். பாஸ் செய்யாதவனுக்குப் படிக்க நேரம் கிடைக்கிறது. குளிர் தேசத்துப் பாதிரிமார், கல் கட்டடத்துக்குள் உட்கார்ந்து பாடம் படிக்கையில் தலை விறைக்காமல் இருக்கப் போட்டுக்கொண்டதில் ஆரம்பித்ததாம். மெல்ல அதில் நாலு மூலை முளைத்தது, மேலே பலகை ஏறியது, பலகை நடுவிலிருந்து குஞ்சம் தொங்கியது. கொத்தனார் சாந்து ஏந்துகிற பலகை என்று இங்கிலீஷ்காரனே அதற்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரிக்கிறான். அதைப் பெண்பிள்ளைகள் தலையில் வைக்க அவர்களுக்கே பல நூறு வருஷம் மனசு வரவில்லை. குளிருக்குப் போட்ட அந்தச் சாமானை, வேர்த்து ஒழுகும் ஊரில், நாம் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினோம்.

என் தங்கை பாளையங்கோட்டை ஹாஸ்டலில் தங்கிப் படித்து, அறுபதுகளின் தொடக்கத்தில், முதல் தடவையிலேயே பி.ஏ. பாஸ் செய்தாள். எங்கள் தெருவில் அவள் முதல் பெண் பட்டதாரி. எங்கள் வீட்டிலேயே முதல் பட்டதாரி என்பதை வெளியே சொல்ல வழியில்லை. அவள் கேட்டது ஒன்றுதான். தொப்பி வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும், அதை முன்னறையில் மாட்ட வேண்டும்.

அப்பா இழுத்தடித்தார். காரணம், சிவகிரிச் சம்பந்தம். நிலபுலன் உள்ள குடும்பம். மாப்பிள்ளை சப்-இன்ஸ்பெக்டர், படிப்பு எஸ்.எஸ்.எல்.சி. எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று விசாரிப்பார்கள். ஒரே பஸ் செலவில் அருவியையும் பார்க்கலாம், பெண்ணையும் பார்க்கலாம். மாப்பிள்ளைக்கு ஏதோ பந்தோபஸ்து வேலை; அவருடைய அப்பா நாலு பேரோடு வந்தார். எண்ணெய் தேய்த்து, அருவியில் குளித்து, அந்தப் பசியை எங்கள் வீட்டில் தீர்த்துக்கொண்டு, என் படத்துக்குக் கீழே உட்கார்ந்தார். மச்சினன் பட்டதாரி என்பதில் அவருக்குத் திருப்தி. பெண்ணும் பி.ஏ.தான், அவளுக்கும் இதே மாதிரி ஒரு படம் எடுக்க ஆசை என்று அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“அதெல்லாம் எதுக்கு?” என்றார் அவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு. “எங்க வீட்டுல ஏற்கெனவே ஒரு தொப்பி இருக்கு, சர்க்கார் குடுத்தது. வீட்டுக்கு ஒரு தொப்பி போதும்லா.”

அப்பா சிரித்தார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. கதவுக்குப் பின்னால் நின்றவள் சிரிக்கவில்லை.

மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு குற்றாலம் பஸ் ஏறினேன். தென்காசி ஸ்டுடியோ என்றால் படம் கழுவி முடிவதற்குள் அப்பாவுக்குச் சேதி போய்விடும். குற்றாலத்தில் சீசனுக்கு மட்டும் கொட்டகை போடும் ஸ்டுடியோ ஒன்று இருந்தது. வெளியே நிஜ அருவி சும்மா விழுந்துகொண்டிருக்க, உள்ளே துணியில் வரைந்த அருவிக்கு முன்னால் ஜனங்கள் காசு கொடுத்து நின்றார்கள். ராஜா உடுப்பு கிடந்த பெட்டியிலேயே பட்டதாரி உடுப்பும் கிடந்தது. ஸ்டுடியோக்காரர் அங்கியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். பெண்களுக்குத் தொப்பி வைக்கிற வழக்கம் இல்லையாம். பூ நசுங்குமாம், குஞ்சம் முகத்தில் விழுமாம்.

“தங்கச்சிக்கு வேணும்னா ராணி கிரீடம் இருக்கு சார். புதுசு. ஜிகினா கொட்டாது.”

கத்தினேன். படித்த பெண்ணுக்குக் கிரீடம் வைக்க இது என்ன நாடகக் கொட்டகையா என்று கத்தினேன். அருவி இரைச்சலில் பாதி அவர் காதில் விழுந்திருக்காது. அதற்குள் தங்கை தலையிலிருந்த பூவைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து தொப்பியைத் தானே எடுத்து வைத்துக்கொண்டாள். சாரலில் ஊறி அதன் அட்டை தொய்ந்திருந்தது. பெரிய தலைக்குச் செய்த தொப்பி வேறு. பொட்டை மறைத்துப் புருவம் வரை இறங்கியது. காதையும் பாதி மூடியது. ஸ்டுடியோக்காரர் சிரிக்கச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

சீசன் முடிவதற்குள் சிவகிரிக்காரர் பேசி முடிக்க மறுபடி வந்தார். அவரை அழைத்துவர அப்பா பஸ் ஸ்டாண்டுக்குப் போன நேரத்தில், என் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அவள் படத்தை மாட்டினேன். உள்ளே வந்த அப்பா பார்த்துவிட்டார். ஆனால் விருந்தாளி அவர் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். என்னை முறைக்கத்தான் முடிந்தது.

காலையில் குளிக்கும்போது மெயின் அருவி சிவகிரிக்காரரின் மூக்குக் கண்ணாடியைக் கொண்டுபோயிருந்தது. படத்தில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

“இது யாரு, தம்பியா? மூத்தவரு சாடை அப்படியே இருக்கே.”

அந்தத் தொப்பிக்குக் கீழே ஒரு பெண்ணின் முகம் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. போகட்டும், அதையாவது மன்னிக்கலாம். அப்பா சொன்னார்: “ஆமா, இளையவன். மெட்ராஸ்ல வேலையா இருக்கான்.”

பெற்ற மகளை ஒரே மூச்சில் மகனாக்கி, வேலையும் போட்டு, மெட்ராஸுக்கும் அனுப்பிவிட்டார். என்னிடம் பேசுவதற்கு எல்லாம் தயாராக இருந்தது: பாதிரிமார், குளிர், சாந்துப் பலகை, கிரீடம். ஆனால் வாயைத் திறந்து, நீங்க எந்த வருஷம் பாஸ் பண்ணினீங்க தம்பி என்று அவர் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால்? விழுங்கிக்கொண்டேன்.

தங்கை காப்பித் தட்டோடு வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

“அது நான்தான் மாமா. பி.ஏ. பாஸ் பண்ணிருக்கேன்.”

அவர் காப்பியை எடுத்துக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு அவளைப் பார்க்காமல் அப்பாவிடம், படத்தை இறக்கிவிட்டுச் சொல்லி அனுப்புங்கள், மேற்கொண்டு பேசலாம் என்றார். இப்போதே இறக்குகிறேன் என்று அப்பா ஸ்டூலை இழுத்தார். தங்கை நகர்ந்து போய்ப் படத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டாள். அவளைத் தள்ளினால்தான் ஸ்டூல் போட முடியும். அப்பா அதைப் பிடித்தபடியே நின்றார்.

சிவகிரிக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அப்புறம் அங்கிருந்து தகவலே இல்லை. படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் கிணற்றடியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கும் நெடுக்கும் நடந்து, சொல்லாமல் விழுங்கியது அத்தனையையும் சொன்னேன். தொப்பி பிறந்த கதையில் ஆரம்பித்து, சர்க்கார் தொப்பியைக் கிழித்து, அந்த மனுஷனை நிற்க வைத்துக் கேள்வி கேட்டேன். நன்றாகவே வந்தது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

“நல்லாத்தான் பேசுத அண்ணே. ஆனா அவரு இந்நேரம் சிவகிரி போய்ச் சேந்திருப்பாரு.”