கரிசலில் கலந்த சுண்ணாம்பு

சுந்தரபாண்டியம் பக்கம் புது ரோடு போட்டபோது நானும் அக்காவும் அங்கே கூலி வேலைக்குப் போனோம். கரிசல் மண். மழை பெய்தால் உப்பிப் பொம்மும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். பழைய ரோடு அப்படித்தான் உடைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை மண்ணைக் கிளறி, சுட்ட சுண்ணாம்புத் தூளைக் கலந்து, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டினார்கள். சுண்ணாம்பு சேர்ந்தால் கரிசல் அடங்கிவிடும் என்றார் சூப்பர்வைசர்.

மூட்டையைப் பிரித்து மண்மேல் பரப்புவது எங்கள் வேலை. கையுறை கொடுத்தார்கள், கண்ணாடி கேட்டதற்கு, "வந்துரும்" என்றார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டோம். வேர்த்த இடமெல்லாம் எரியும். அக்காவுக்குக் கழுத்து மடிப்பில் தோல் உரிந்தது. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் கிளம்பினாள்.

அன்றைக்கு மலைப்பக்கமிருந்து காற்று தூக்கியது. அக்கா மூட்டையை உதறிக்கொண்டிருந்தாள். வெள்ளையாகப் புழுதி எழுந்து அவளை மூடியது. அது அடங்கியபோது தரையில் உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை.

"ஏட்டி, கண்ணு வேகுதுட்டி."

தண்ணீர் லாரியின் குழாய்க்குக் கீழே அவள் தலையைப் பிடித்தேன். இமையை விரலால் பிரித்தேன். என் கையைத் தட்டித் தட்டிவிட்டாள்.

"செத்த நேரம் பொறுத்துக்கோக்கா," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சூப்பர்வைசர் தன் காரிலேயே எங்களை இராஜபாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

டாக்டர் இமையைப் புரட்டி, ஒட்டியிருந்த சுண்ணாம்பை எடுத்தார். "தண்ணி ஊத்துனதால வலது கண்ணு தப்பிச்சிருக்கு. இடது கண்ணுல கருவிழி வெந்துபோச்சும்மா," என்றார்.

மறுவாரம் நான் வேலைக்குத் திரும்பியபோது எல்லோரும் கண்ணாடி போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்றை நீட்டினார்கள். வாங்கி மாட்டிக்கொண்டேன்.

ரோடு நன்றாகவே வந்தது. அடுத்தடுத்த மழைக்கும் ஒரு வெடிப்பு இல்லை. டவுன் பஸ் குலுங்காமல் போகிறது. அக்கா அதில் ஏறுவதில்லை என்று எழுத எனக்கு ஆசை. ஏறத்தான் செய்கிறாள், வேறு பஸ் கிடையாது.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். காபி ஆற்றி ஊற்றினாள். பாதி டம்ளருக்கு வெளியே, அவளுடைய இடது பக்கமாக விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்கு இன்னும் தூரம் பிடிபடவில்லை. அத்தான் துணி எடுத்துத் துடைத்தார்.

"எம்புட்டு சிந்துச்சுட்டி?" என்று அக்கா என்னிடம் கேட்டாள்.

"கொஞ்சந்தான்க்கா," என்றேன். மிச்சத்தைக் குடித்தேன்.