கிராணி வீட்டு வேலி

லுக்குட் டவுன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் செயின் எண்ணெய் வாடை அடித்ததும் அம்மாவின் பழைய சைக்கிள் ஞாபகம் வந்தது. கூடவே எங்கள் ரப்பர் தோட்டத்து ஆம்பளைகளின் ஞாபகமும் வந்து வாய் கசந்தது.

தோட்டத்துக் கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி வீட்டுச் செம்பருத்தி வேலி தொடங்கும் இடத்தில் எல்லோரும் சைக்கிளை விட்டு இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்து, வேலி முடியும்வரை தள்ளிக்கொண்டே போவார்கள். கிராணி உள்ளே இருந்தாலும் சரி, சிரம்பான் டவுனுக்குப் போயிருக்க, வாசலில் அவர் நாய் மட்டும் படுத்திருந்தாலும் சரி. வீட்டில் பெண்டாட்டியை அடிக்கும் சூரர்கள் அந்த நாய்க்கும் இறங்கினார்கள்.

பன்னிரண்டு வயதில் ஒரு மாலை, அம்மாவின் சைக்கிளை நான் இறங்காமல் மிதித்தேன்.

"யாரு மவ புள்ள நீ?" என்று கிராணி கத்தினார்.

அம்மா பெயரைச் சொன்னால், வேலை பிரித்துக் கொடுக்கும் மண்டோரிடம் சொல்லி அம்மாவை மலைமேல் பால் வெட்ட அனுப்புவார் என்று தெரியும்.

"அஞ்சலை மவ," என்று சொல்லிவிட்டு ஓட்டிக்கொண்டே போனேன்.

மறுநாள் அம்மா மலையேறினாள். தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயமே என்னைத் திட்டியது. அம்மா மட்டும் முழங்காலில் தைலம் தேய்த்தபடி, "ஏறுனது ஏறிட்ட, இனிமே இறங்காத," என்றாள்.

இன்று அங்கே வீடுமில்லை, வேலியுமில்லை, எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். பட்டறைக்காரர் எங்கள் லயத்தில் வளர்ந்தவர். "அப்பல்லாம் மரியாத இருந்துச்சுலா தங்கச்சி. இப்பவும் அந்த எடம் வந்தா மோட்டார மெதுவாக்கிடுவேன்," என்றார் பெருமையாக.

"நாயும் செத்துப்போச்சே, யாருக்கு அண்ணே?" என்று கேட்டேன்.